மே தினத்தில் எட்டாம் நாள்

"தொற்று வந்துச்சு. டாக்டர் வெட்டிட்டாங்க."

சொல்லிவிட்டு சென்யா சிரித்தான். பீட்ரூட்டைத் தோல் சீவிக்கொண்டிருந்த ஃபீரா கத்தியைக் கீழே வைத்தாள்.

"யார்கிட்ட சொன்னே?"

"ரப்பிகிட்டதான் அத்தை. நானும் அவிவித்தும் கல்யாணத்தைப் பதிய அவ ஊருக்குப் போனோம்ல, அங்க இருக்கற யூத மத அலுவலகத்துல. ரஷ்யப் பக்கத்துலேர்ந்து வந்த ஆம்பளைங்க எல்லார்கிட்டயும் கேக்கறாராம். விருத்தசேதனம் ஆச்சா, அதான் முன்தோலை வெட்டியாச்சா, எப்ப ஆச்சு, யார் பண்ணாங்கன்னு. அவர் கேட்டு முடிக்கல, என் வாய் தானா திறந்துடுச்சு. தொற்று வந்துச்சு, டாக்டர் வெட்டிட்டாங்க. பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு ஒப்பிக்கற மாதிரி."

ஃபீரா அவனையே பார்த்தாள். முப்பத்தைந்து வயது, லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை, விரல் இடுக்கெல்லாம் கிரீஸ். இஸ்ரேலில், ஹைஃபாவில் அவள் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்டைப் பார்க்க வரும்போதெல்லாம் மேலே வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் போவான். அவள் அவனுக்கு இரத்த உறவு இல்லை. ராயா என்கிற அவன் அம்மாவின் தோழி. ராயா போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது.

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"வைத்தியத்துக்காக வெட்டினது வேற, கடவுளோட செஞ்ச உடன்படிக்கைக்காக வெட்டினது வேறயாம். நம்ம கேஸ் வைத்தியமாம். ஆனா பெரிய விஷயம் இல்ல. திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கார். அந்த இடத்துல ஒரே ஒரு துளி ரத்தம் எடுப்பாங்க. சர்க்கரை பார்க்கக் குத்தற மாதிரி ஒரு ஊசி. முடிஞ்சுது. போன வாரம் லிஃப்ட் கதவுல விரல் நசுங்கினப்ப அதைவிட அதிகமா போச்சு."

அந்த வாக்கியத்தைச் செய்தவள் ஃபீராதான். அவனுக்கு நான்கு வயதில், மழலையர் பள்ளியில் சேர்ப்பதற்கு முந்தின வாரம், ராயா வந்து உட்கார்ந்து அழுதாள். அங்கே எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாகக் குளிக்கவைப்பார்கள்; ஒரு பையன் கேட்டுவிட்டால் இவன் என்ன சொல்வான்? குழந்தை நாக்குக்கு அடங்கும்படி சின்னதாக ஒன்றைச் செய்து கொடுத்தாள் ஃபீரா. குளியலறையில், நீச்சல்குளத்தில், கோடை முகாமில், பள்ளி மருத்துவர் புருவத்தை உயர்த்திய அறைகளில், அவன் அதைச் சொல்லியே தப்பித்தான். கேட்டவர்கள் அத்தோடு விட்டுவிட்டார்கள். அவ்வளவு நன்றாக வேலை செய்த பொய். நாடு மாறி, மொழி மாறி, அந்த சோவியத் அரசாங்கமே இல்லாமல் போன பிறகும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

"அந்தத் துளியைக் குடுக்காதே" என்றாள்.

"ஏன் அத்தை?"

ஃபீரா அடுப்புப் பக்கம் திரும்பினாள். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. சென்யா பொறுமையாக இருந்தான். ஃபீரா அத்தையின் மௌனங்கள் அவனுக்குப் புதிதல்ல. சின்ன வயதில் அவளோடு பேருந்தில் போகும்போது ஏறிய இடத்திலிருந்து இறங்கும் இடம்வரை ஒரு சொல்கூட இல்லாமல் போயிருக்கிறான்.

"மண்டபம் பேசியாச்சு" என்றான் கடைசியில். "அவிவித் அம்மா முந்நூறு பேரைக் கூப்பிட்டுட்டாங்க. அவங்க வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். மொரோக்கோக்காரங்க. ரப்பி கையெழுத்து இல்லாம அவங்களுக்குக் கல்யாணமே இல்ல. ஒரு துளிக்கா இவ்வளவு ரகளை?"

"உனக்கு அது ஒரு துளி."

அதற்கு மேல் சொல்லாமல் கத்தியை எடுத்து மறுபடி தோல் சீவத் தொடங்கினாள். கிண்ணத்தில் சிவப்புச் சாறு சேர்ந்தது. சீவி முடித்துக் கையைக் கழுவியபின் சொன்னாள்.

"திங்கட்கிழமை நானும் வர்றேன்."

சென்யாவின் வேனில் பின்பக்கம் லிஃப்ட் கயிற்றுச் சுருள்கள் உருண்டு உருண்டு சத்தம் போட்டன. மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் ஃபீரா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். ஆலிவ் தோப்புகள் வந்தன. அப்புறம் வெறும் பாறை. பாதி வழியில் சென்யா கேட்டான்.

"அம்மா உங்ககிட்ட என்னன்னு கேட்டாங்க அத்தை? என்னை வெட்டச் சொல்லி?"

"ஒண்ணும் கேக்கல."

அது உண்மைதான். பிரசவ வார்டுக்குப் பார்க்கப் போனபோது ராயா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பக்கத்துக் கட்டில்களில் வேறு பெண்கள். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "செவ்வாய்க்கிழமையோட எட்டு நாள் ஆகுது, ஃபீரா." அவ்வளவுதான். யூதர் வழக்கப்படி ஆண்குழந்தைக்கு விருத்தசேதனம் செய்யும் நாள் அது. மதச் சடங்குக்குத் தடை இருந்த சோவியத் மொகிலியோவில் அந்தக் காலத்தில் யாரும் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். "சரி" என்றாள் ஃபீரா. போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டாள். கிறுக்குத்தனம் என்று வீடு திரும்பும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அந்த மத அலுவலகம் தபால் நிலையத்துக்கு மேல் மாடியில் இருந்தது. தாழ்வாரத்தில் ஒரு மர பெஞ்சு. அதில் அவிவித் உட்கார்ந்திருந்தாள். மருந்துக்கடை வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள். எழுந்து ஃபீராவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள்.

"அத்தை, எங்கம்மா நேத்துலேர்ந்து வேதப் புத்தகத்துல சங்கீதம் படிச்சுட்டே இருக்காங்க. இவனுக்கு வலிக்கக் கூடாதாம். பக்கத்து வீட்டு ஆளுங்களையும் சேர்த்துக்கிட்டாங்க. இப்ப தெருவுக்கே தெரியும், இவனுக்கு எங்க ஊசி போடப் போறாங்கன்னு."

"அப்ப எனக்கு நல்ல பேரு" என்றான் சென்யா.

சின்னக் கறுப்புப் பையோடு படியேறி வந்தவர் மக்லூஃப். இந்த வட்டாரத்தில் விருத்தசேதனம் செய்பவர் அவர்தான். உருண்டையான ஆள். மூச்சு வாங்கியது.

"மாப்பிள்ளை யாரு? நீயா? வா, ராஜா, பயப்படாதே. எட்டு நாள் குழந்தைங்களே என்னைப் பார்த்துப் பயப்படறதில்ல. அப்புறம்தான் அழுவாங்க."

துளி எடுப்பதற்கு முன் பழைய வேலையைப் பார்க்க வேண்டும் என்று அவனைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார். சீக்கிரமே திரும்பி வந்தார். ரப்பியின் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டே பேசினார்.

"ரப்பி, ரொம்பச் சுத்தமான வேலை. மேல்தோல் மட்டுமில்ல, உள்தோலையும் முழுசா விலக்கியிருக்காங்க. சில ஆஸ்பத்திரி வேலையில அதை விட்டுடுவாங்க. இதுல எதுவும் பாக்கி இல்ல. என் கையைவிட நல்ல கை. யாரு பண்ணதுன்னு கேட்டுச் சொல்லுங்க, நான் அவர்கிட்டப் போய்க் கத்துக்கறேன்."

"நான்தான்" என்றாள் ஃபீரா.

மக்லூஃப் அவளை மேலும் கீழும் பார்த்தார். தலையில் இருந்த குல்லாவைச் சரிசெய்துகொண்டார். அப்புறம் அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

ரப்பி தர்மோன் ஒல்லியானவர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்திருந்தார். மேசையில் பாதி குடித்த புதினா டீ ஆறிக் கிடந்தது. உடனே பேசவில்லை. ஃபீராவும் பேசவில்லை. இரண்டு பேருக்கும் அது கஷ்டமாக இல்லை என்பது சென்யாவுக்குத் தெரிந்தது. கஷ்டப்பட்டது அவனும் அவிவித்தும்தான்.

"டாக்டரம்மா" என்றார் ரப்பி. "வெட்டு சரியா இருக்கு, அதுல எனக்குக் கேள்வி இல்ல. செஞ்சது பெண்ணுங்கறதுலயும் கேள்வி இல்ல. வழக்கம் இல்லைதான், ஆனா செல்லும். கேள்வி ஒண்ணுதான். எதுக்காக வெட்டினீங்க? நோய்க்காக வெட்டினா அது வைத்தியம். கட்டளைக்காக வெட்டினா அது உடன்படிக்கை. சதை என்னவோ ஒண்ணுதான்."

"தொற்று எதுவும் இல்ல. அது பொய்."

"யாருக்குச் சொன்ன பொய்?"

"அரசாங்கத்துக்கு. ஆஸ்பத்திரிக்கு. அப்புறம் கேட்டவங்க எல்லாருக்கும்."

"சரி. இப்ப சொல்றது எனக்குச் சொல்ற பொய் இல்லைன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

அந்தக் கேள்வி ஃபீராவுக்குப் பிடித்திருந்தது. இந்த ஆள் இனிப்புத் தடவிப் பேசுகிறவர் இல்லை.

"தெரிஞ்சுக்க வழியில்ல" என்றாள்.

"ஆசீர்வாதம் சொன்னீங்களா? வெட்டறதுக்கு முன்னாடி?"

"எனக்குத் தெரியாது. இப்பவும் தெரியாது."

"கம்யூனிஸ்ட் கட்சியில இருந்தீங்களா?"

"இருந்தேன். வேலைக்காக இல்ல. நம்பித்தான் சேர்ந்தேன்."

"கடவுளை நம்பறீங்களா?"

"அத்தை..." என்றாள் அவிவித், உதடு அசையாமல்.

ஃபீராவுக்கு அந்த முணுமுணுப்பு கேட்டது. 'ஆமாம்' என்று ஒரு சொல். சொன்னால் இந்தப் பெண்ணுக்கு மண்டபம் மிஞ்சும், அவள் அம்மா சங்கீதத்தை மூடிவைக்கலாம், முந்நூறு பேரும் சாப்பிட்டுப் போவார்கள். எத்தனையோ அறைகளில் எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் அதைவிடப் பெரிய பொய்களை அவள் கூசாமல் சொல்லியிருக்கிறாள்.

"இல்லை" என்றாள். "அங்க நிறையப் பொய் சொல்லியாச்சு. அதனாலதான் இங்க வந்து உட்கார்ந்திருக்கோம். இங்கயும் சொல்ல மாட்டேன்."

சென்யா கண்ணை மூடிக்கொண்டான். ரப்பி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கித் துடைத்தார்.

"அப்படின்னா நான் என்ன பண்ணட்டும்? நம்பிக்கை இல்லாதவங்க, ஆசீர்வாதம் இல்லாம, ஆஸ்பத்திரியில, நோய்னு சொல்லி வெட்டினது. இதுவும் செல்லும்னு சொல்ற பெரியவங்க இருக்காங்க. செல்லாதுன்னு சொல்ற பெரியவங்களும் இருக்காங்க. ரெண்டு பக்கமும் சரியா இருக்கறதுக்குத்தான் அந்தத் துளி. சந்தேகம்கறதால ஆசீர்வாதம்கூடச் சொல்ல மாட்டோம். யாருக்கும் அவமானம் இல்ல."

"எனக்கு அவமானம்."

"டாக்டரம்மா..."

"இவன் பிறந்தது ஏப்ரல் இருபத்துநாலு. எட்டாம் நாள் எதுன்னு எண்ணிப் பாருங்க."

ரப்பி விரலை மடக்கினார். பிறந்த நாளையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். "மே ஒண்ணு."

"மே ஒண்ணுன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தொழிலாளர் தினம்."

"கிப்புட்ஸ் கூட்டுப் பண்ணையில சிவப்புக் கொடி ஏத்திட்டு, அப்புறம் எல்லாரும் கேக் சாப்பிடுவாங்க" என்றார் மக்லூஃப், உதவி செய்கிறவர்போல.

ஃபீரா சிரித்துவிட்டாள். சிரிப்பு நிற்கக் கொஞ்சம் நேரமானது.

"எங்க ஊர்ல கேக் கிடையாது. ஊரே தெருவுல நடக்கணும். ஆஸ்பத்திரிக்கு ஒரு வரிசை, செருப்பு ஃபேக்டரிக்கு ஒரு வரிசை. யார் வந்தாங்க, யார் வரலைன்னு பார்க்கறதுக்குன்னே ஆள் உண்டு. எங்க வார்டுக்கு நான்தான் பேனர் பிடிக்கணும். அன்னிக்கு ஆபரேஷன் தியேட்டர் பூட்டியிருக்கும். செத்துப் பிழைக்கிற கேஸா இருந்தாத்தான் திறப்பாங்க. நான் பேனரை இன்னொருத்தி கையில குடுத்துட்டு, பிரசவ வார்டுலேர்ந்து இவனைப் போர்வையில சுத்தி எடுத்துட்டு முற்றத்தைக் கடந்து போனேன். தெருவுல மேளச் சத்தம். டியூட்டி நர்ஸ் பேரு நீனா. அவகிட்டதான் சாவி. யூதச்சி இல்ல. 'தொற்று, அவசரம்'னேன். குழந்தையைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. ஒண்ணும் கேக்காம திறந்தா."

மூச்சு விட்டுக்கொண்டாள்.

"வைத்தியத்துக்காக இருந்தா மூணாம் தேதி பண்ணியிருக்கலாம் ரப்பி. அஞ்சாம் தேதி பண்ணியிருக்கலாம். அடுத்த வருஷம் பண்ணியிருக்கலாம். இவன் நல்லா மூத்திரம் போயிட்டுத்தான் இருந்தான், என் மேலயே போனான். எந்த நோய்க்கும் எட்டாம் நாள்னு ஒண்ணு கிடையாது. சோவியத் தேசத்துல மே தினத்தன்னிக்குச் சும்மா இருந்த குழந்தைமேல கத்தி வெச்ச டாக்டர் யாராவது உண்டான்னு விசாரிச்சுப் பாருங்க. தலைமை டாக்டருக்கு அது போதுமானதா இருந்துச்சு. என்னைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேக்கல. அடுத்த மாசம் வார்டை வேற ஆள்கிட்ட குடுத்துட்டார். என்னை வெளிநோயாளிப் பிரிவுக்குத் தள்ளிட்டாங்க. நாட்டைவிட்டு வர்ற வரைக்கும் கட்டி அறுத்து மருந்து வெச்சுக் கட்டிக்கிட்டு இருந்தேன். நம்பிக்கை இல்லாத அந்த ஆளுக்கு நான் என்ன பண்ணேன்னு புரிஞ்சுது. உங்களுக்குப் புரியலையா?"

சென்யா அவளைத் திரும்பிப் பார்த்தான். "அம்மா இதை என்கிட்ட சொல்லவே இல்லையே."

"உங்கம்மாவுக்கே தெரியாது. கட்டி அறுக்கறதுல எனக்கு ஆர்வம்னு சொல்லிவெச்சிருந்தேன்."

கீழே தபால் நிலையத்தில் யாரோ முத்திரை குத்தும் சத்தம் கேட்டது. ரப்பி ஆறிய டீயைத் தள்ளிவைத்தார்.

"நம்பாத ஆள் எதுக்கு எட்டு எண்ணினீங்க?" என்றார். குரல் தணிந்திருந்தது.

இந்தக் கேள்விக்குத்தான் அவளிடம் பதில் இருந்ததில்லை. எத்தனையோ வருடங்களாக, தூக்கம் வராத நேரங்களில், தானே தன்னைக் கேட்டு, பதில் இல்லாமல் திரும்பிப் படுத்திருக்கிறாள். பக்தி இல்லை. ராயாவின்மேல் இருந்த பாசம் ஒரு காரணம், ஆனால் முழுக் காரணம் அது இல்லை. கத்தியை எடுத்த நிமிடத்தைத் தேடிப் போனால் எப்போதும் ஒன்றுதான் கைக்குக் கிடைத்தது.

"கோபம்" என்றாள்.

"யார்மேல?"

"எங்கப்பாவை வரிசையில நிறுத்தினாங்க. போர் ஆரம்பிச்ச வருஷம். நானும் அம்மாவும் கடைசி ரயில்ல கிளம்பிட்டோம், அவர் தங்கிட்டார். யாரு யூதன்னு சந்தேகம் வந்தா ஜெர்மன்காரங்க கால்சட்டையை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்தாங்க. பார்த்துத்தான் குழிப் பக்கம் அனுப்பினாங்க. போர் முடிஞ்சுது. அப்புறம் நம்ம கட்சி ஆளுங்களே சொன்னாங்க, இனிமே அந்த அடையாளம் யாருக்கும் வேண்டாம், எல்லாரும் ஒரே வரிசைன்னு. நானும் நம்பினேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ராயா சுவரைப் பார்த்துக்கிட்டு, எட்டு நாள் ஆகுதுன்னு சொன்னா பாருங்க..." கை விரல்களைப் பார்த்தாள். கணுக்கள் வீங்கியிருந்தன. "அவனுங்க எதைப் பார்த்துக் கொன்னாங்களோ அதை இந்தப் பையன் உடம்புல நான் போட்டேன். தெரிஞ்சே போட்டேன். உங்க சட்டத்துல அதுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியாது. தொற்று இல்ல, அது மட்டும் தெரியும்."

மக்லூஃப் தன் பையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ரப்பி எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். திரும்பி வந்தபோது முகம் இளகியிருந்தது, வார்த்தை இளகவில்லை. "நீங்க சொல்றதை நான் நம்பறேன். ஆனா நாளைக்கு இன்னொரு ரப்பி என்னைக் கேட்பார்: அந்த ஆளே தொற்றுன்னு தன் வாயால சொன்னானே, நீ எப்படி விட்டேன்னு. ஒரே ஒரு துளி. எல்லார் வாயையும் மூடிடலாம். சென்யா, உன் உடம்பு. நீ சொல்லு."

சென்யா இருக்கையை விட்டு எழுந்தான். வரும்போது அவன் கொண்டுவந்த முடிவு ஃபீராவுக்குத் தெரியும். அவள் அவனைப் பார்க்கவில்லை. ஆறிப்போன டீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடியாது" என்றான் சென்யா.

அவனுக்கே அது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும், தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"முடியாது ரப்பி. பேசத் தெரிஞ்ச நாள்லேர்ந்து தொற்று தொற்றுன்னே சொல்லிக்கிட்டு வந்திருக்கேன். இப்ப அந்தத் துளியைக் குடுத்தா இன்னொரு தடவை அதையே சொன்ன மாதிரி. இந்தத் தடவை அதுல உங்க முத்திரையும் விழும்."

"அப்ப இன்னிக்குக் கையெழுத்து இல்ல."

"வேண்டாம்."

"மண்டபம்?" என்றாள் அவிவித். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. பிறகு கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு, "சரி, எங்கம்மாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றாள். "முதல்ல கத்துவாங்க. அப்புறம் உங்ககிட்ட வந்து கத்துவாங்க ரப்பி. எங்கம்மாவைப் பார்த்திருக்கீங்கல்ல?"

"பார்த்திருக்கேன்" என்றார் ரப்பி, உற்சாகமில்லாமல்.

அவர்கள் வெளியே வந்தார்கள். ஆனால் படியிறங்கவில்லை. ஃபீரா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கைப்பையை மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

"வாங்க அத்தை, போகலாம்" என்றான் சென்யா.

"நீங்க போங்க. நான் இருக்கேன்."

"எதுக்கு?"

அன்று மே தினத்தில் வரிசையை விட்டுப் போனவள் இன்று பெஞ்சை விட்டுப் போவதாக இல்லை. சென்யா அவிவித்தைப் பார்த்தான். அவிவித் தோளைக் குலுக்கிவிட்டு உட்கார்ந்தாள். அவனும் உட்கார்ந்தான். பெஞ்சு முனகியது. அவிவித் பையிலிருந்து சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை எடுத்தாள்.

பதிவுக்கு வந்த இன்னொரு ஜோடி அவர்களைத் தாண்டி உள்ளே போனது, வெளியே வந்தது. யாரோ ஒரு கிழவர் கல்லறைச் சான்றுக்காக வந்து, பெஞ்சில் இடமில்லை என்று முறைத்துவிட்டுப் போனார். மக்லூஃப் பையோடு வெளியே வந்து தயங்கி நின்றார்.

"எனக்கு பஸ் நாலு மணிக்குத்தான். கொஞ்சம் தள்ளி உட்காருங்க."

"நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டாள் அவிவித்.

"நான் விதைப் பக்கம். குடும்மா ஒரு கைப்பிடி." கொறித்துக்கொண்டே ஃபீராவிடம் குனிந்தார். "டாக்டரம்மா, ஒரு சந்தேகம். அந்த உள்தோலை எதால விலக்கினீங்க? கருவியாலயா, நகத்தாலயா?"

"விரல்ல துணி சுத்தி."

"நினைச்சேன்" என்றார் மக்லூஃப் திருப்தியோடு.

வெயில் தாழ்வாரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்தது. விதைத் தோல் காகிதத்தில் குவிந்தது. ஃபீரா எதையும் யோசிக்கவில்லை. அல்லது ஒன்றையே யோசித்தாள்: போர்வைக்குள் அந்தச் சின்ன முகம், நீனாவின் சிவந்த கை, சுவர் ரேடியோ.

உள்ளே விளக்கு அணைந்தது. ரப்பி தொப்பியும் சாவியுமாக வெளியே வந்தார். நான்கு பேரையும் பார்த்து நின்றார். கதவைப் பூட்டினார். பூட்டிவிட்டு, மறுபடி திறந்தார்.

"அந்த நர்ஸ்" என்றார். "நீனா. திறந்துவிட்டா. அப்புறம்?"

"பிடிச்சுக்கிட்டா. இவன் காலை."

"அழுதிருப்பானே. யாருக்கும் கேக்கலையா?"

"சுவர்ல ரேடியோ இருந்துச்சு. மாஸ்கோ ஊர்வலத்தை ஒலிபரப்பிக்கிட்டு இருந்தாங்க. நீனா எட்டி அதை முழுசா வெச்சா. அத்தனை பேண்டு வாத்தியமும் இவனுக்காகத்தான் வாசிச்சுது."

ரப்பியின் தாடிக்குள் ஏதோ அசைந்தது. மக்லூஃபின் பக்கத்தில் மிச்சமிருந்த ஒரு சாண் இடத்தில் உட்கார்ந்தார். பெஞ்சில் எல்லோரும் நெருக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. எதிர்ச் சுவரைப் பார்த்தபடி பேசினார்.

"ஒருத்தர் தன்னைப் பத்தி ஒண்ணு சொல்றார். அப்புறம் அதையே மாத்திச் சொல்றார். சாதாரணமா முதல்ல சொன்னதுதான் நிக்கும். ஆனா முதல்ல ஏன் அப்படிச் சொன்னேன்கறதுக்குத் தகுந்த காரணம் குடுத்தார்னா, பயம், வெட்கம், ஏதோ ஒண்ணு, அப்ப ரெண்டாவது சொன்னதைச் சட்டம் ஏத்துக்கும். சென்யா, நான் உன்கிட்ட துளி கேட்டது நீ முதல்ல சொன்னதை வெச்சு. உள்ள உட்கார்ந்து யோசிச்சேன். நீ எதுக்கு அப்படிச் சொன்னேன்னு நான் உன்னைக் கேக்கவே இல்ல. இப்ப கேக்கறேன்."

சென்யா விதைத் தோலைக் கையிலிருந்து தட்டினான்.

"நாலு வயசுல சொல்லிக்குடுத்தாங்க. உண்மை தெரிஞ்சா அம்மாவைக் கொண்டுபோயிடுவாங்கன்னு நினைச்சேன். யாரு கொண்டுபோவாங்கன்னு தெரியாது. இருட்டுல படுத்துக்கிட்டு, தப்பா சொல்லிடக் கூடாதுன்னு மனசுக்குள்ள சொல்லிப் பார்ப்பேன். அன்னிக்கு நீங்க தாடியோட, மேசைக்குப் பின்னாடி உட்கார்ந்து கேட்டீங்க. அப்பவும் அதான் வந்துச்சு."

ராயா இதை ஒருநாளும் சொன்னதில்லை. ஃபீரா தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"அது காரணம்தான்" என்றார் ரப்பி. அவன் பக்கம் திரும்பி, "மறுபடி கேக்கறேன். விருத்தசேதனம் ஆச்சா?"

"ஆச்சு."

"எப்ப?"

"எட்டாம் நாள். பகல்ல."

"யார் பண்ணாங்க?"

"எஸ்ஃபிர் குர்விச்." ஃபீரா அத்தையின் முழுப்பெயர்.

"வைத்தியத்துக்கா?"

"இல்ல."

ரப்பி எழுந்தார். உள்ளே விளக்கு எரிந்தது. கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு அவிவித் வெளியே வந்தாள். வாசலில் நின்ற ரப்பி ஃபீராவிடம் ஏதோ நல்ல வார்த்தை சொல்ல வந்தார். கட்டளை, புண்ணியம் என்று ஆரம்பித்தார்.

"அதெல்லாம் வேண்டாம்" என்றாள் ஃபீரா. "நான் இன்னும் நம்பலை."

"தெரியும். உள்ள அதை வேற மாதிரி சொல்லியிருந்தீங்கன்னா மத்ததையும் நான் நம்பியிருக்க மாட்டேன்." தொப்பியைத் தொட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

"அப்ப நான் சும்மா வந்தேனா?" என்றார் மக்லூஃப், பையைத் தட்டிக்கொண்டே. நாலு மணி பஸ் எப்போதோ போய்விட்டிருந்தது. அவரையும் வேனில் ஏற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. கயிற்றுச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, கல்யாணத்துக்குத் தன்னையும் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

இரண்டாவது வளைவில் அவிவித்தின் ஃபோன் அடித்தது. அவள் அம்மா. சத்தமாக வைக்காமலே வேன் முழுக்கக் கேட்டது.

"முடிஞ்சுதா? வலிச்சுதா அவனுக்கு? அழுதானா? உண்மையைச் சொல்லு."

அவிவித் ஃபோனை சென்யாவின் காதுப் பக்கம் நீட்டினாள்.

"அழுதிருக்கேன் அம்மா" என்றான் சென்யா. "ஆனா ரேடியோ சத்தத்துல யாருக்கும் கேக்கல."

மறுமுனையில் ஒன்றும் புரியாத அமைதி. மக்லூஃப் பின்னாலிருந்து விழுந்து விழுந்து சிரித்தார். ஃபீரா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். தோப்புகள் வந்தன, கீழே கடல் தெரிந்தது. ஹைஃபா வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.